கரம் பலகைக்கு மேலே ஒரு விளக்கு



இந்த மாதம் நான் ஒரு விளக்கைப் பற்றி எழுதப் போகிறேன். "விளக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தாயின் வீட்டில் நான் விட்ட பிழைதான் என்னை இதைப் பற்றிச் சிந்திக்க வைத்தது.

கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் அந்த அக்கா வசிக்கிறார். கணவர் 2009 ஆம் ஆண்டு இறுதிப் போரின்போது காணாமற் போனவர். இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கிறான். தகப்பனைப் புகைப்படத்தில் மட்டும் அறிந்த பிள்ளை. அக்கா வீட்டிலிருந்தே சட்டைகளும் பாடசாலைச் சீருடைகளும் தைத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார்.

ஒருநாள் நான் போயிருந்தபோது தையல் மெசினை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, சீட்டுக் காசில கரம் பலகை ஒண்டு வாங்கிக் குடுத்தனான். வீட்டில இருந்து விளையாடட்டும் எண்டுதான். ரெண்டு கிழமை கூட்டாளிப் பெடியள் எல்லாரும் வந்தாங்கள். இப்ப திரும்பவும் பொழுதுபட்டாச் சந்திக் கடைக்குத்தான் ஓடுறான். வர ஒன்பது, பத்து மணியாகுது."

கடையில் கரம் விளையாடுவதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இரவில் அங்கே யார் வருகிறார்கள், என்ன கொண்டு வருகிறார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாது. வளர்ந்த பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கு இன்று போதைப்பொருள் பற்றிய பயம் எவ்வளவு என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மகனிடம் கேட்டேன். அவன் மறைக்காமல் சொன்னான்.

"வீட்டில வெளிச்சம் சரியில்லை மிஸ். அடிக்கேக்க எங்கட நிழலே காய்க்கு மேல விழுது. சிவப்பும் கறுப்பும் ஒண்டு மாதிரித் தெரியுது. பிறகு சண்டைதான் வருது. கடையில பலகைக்கு நேர மேல லைற் தொங்குது."

நான் விட்ட பிழை

அந்த வீட்டின் உள்ளறையில் ஒரு பல்ப்தான் இருந்தது. அதுவும் சுவரில், ஆள் உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் வெளி விறாந்தையில் 20 வாற் எல்.ஈ.டி பல்ப் ஒன்று பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அது இரவு முழுவதும் எரியும் என்று அறிந்தேன்.

நான் உடனே கணக்குப் பார்த்தேன். "அக்கா, 20 வாற் பல்ப் ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் எரிஞ்சால் மாதத்துக்கு 7.2 யுனிற் போகும். வெளியில ஆருக்கு வெளிச்சம்? அதைக் கழற்றி உள்ளுக்கு மாட்டுங்கோ. பெடியனுக்கும் வெளிச்சம், பில்லும் குறையும்" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த முறை போனபோது விறாந்தை பல்ப் அதே இடத்தில் இருந்தது. உள்ளே சுவரில் புதிதாக இன்னொரு 20 வாற் பல்ப். தைத்த காசில் வாங்கியிருக்கிறார். ஆனால் பையன் வீட்டில் இல்லை. வெளிச்சம் கூடியதால் நிழல் இன்னும் கறுப்பாக விழுந்ததாம். சுவருக்கு எதிரே இருப்பவனுக்குக் கண் கூசியதாம். என் சொல்லைக் கேட்டு அக்கா செலவழித்த காசு வீணாயிற்று.

படலையடிக்கு வந்தபோது மகள் என் பின்னால் வந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "வெளி லைற்றைக் கழற்றச் சொல்லாதேங்கோ மிஸ். அது அப்பாவுக்கு. இரவில வந்தால் வீடு தெரியவேணும் எண்டு அம்மா போட்டு வைக்கிறவ."

மின்சாரம் கிடைத்த நாளிலிருந்து அந்த விளக்கு ஓர் இரவும் அணைந்ததில்லை என்றாள். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். எத்தனையோ வீடுகளுக்குப் போய் வருகிறேன். ஆனால் "இந்த விளக்கு ஏன் எரிகிறது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் யுனிற் கணக்கைச் சொல்லிவிட்டேன்.

ஐயா காட்டிய கண்ணாடி

அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் கரம் போட்டிகளை நடத்துகின்ற ஐயா ஒருவர் இருக்கிறார். முன்னர் வயறிங் வேலை செய்தவர். அவரை அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் பல்பைப் பார்க்கவில்லை. முதலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டார்.

கண்ணாடியைக் கரம் பலகையின் நடுவில் படுக்க வைத்தார். "இப்ப நாலு பக்கமும் இருந்து பாருங்கோ" என்றார். சுவருக்கு எதிர்ப்பக்கம் இருந்தபோது கண்ணாடிக்குள் பல்ப் தெரிந்தது. "கண்ணாடியில பல்ப் தெரிஞ்சால் பலகையிலும் அந்த இடம் மினுங்கும். மினுங்கிற இடத்தில காய் தெரியாது" என்றார்.

அடுத்து ஒரு பென்சிலைப் பலகைக்கு மேலே பிடித்தார். சுவர்ப் பக்கம் இருந்து பிடித்தபோது பென்சிலோடு அவரது கை, தலை எல்லாவற்றினதும் நிழல் பலகையில் நீளமாக விழுந்தது. "வெளிச்சம் கூடவேணும் எண்டில்லைப் பிள்ளை. வெளிச்சம் இடம் மாறவேணும்" என்றார்.

கரம் பலகையின் விளையாடும் பரப்பு ஏறக்குறைய 74 சென்ரிமீற்றர் சதுரம், அதாவது 29 அங்குலம். அதில் 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு. நாலு பக்கமும் ஆள் இருக்கும் விளையாட்டு இது. ஒரு பக்கச் சுவரில் இருந்து வரும் வெளிச்சம் ஒருவருக்கு நிழலையும் இன்னொருவருக்குக் கூச்சத்தையும்தான் கொடுக்கும். பலகையின் நடுவுக்கு நேர் மேலே தொங்கும் விளக்கு நாலு பேருக்கும் சமமானது. நீளமான பில்லியட்ஸ் மேசைக்கு இரண்டு மூன்று விளக்குகளை வரிசையாகத் தொங்க விடுவார்கள். சதுரமான கரம் பலகைக்கு ஒன்றே போதும்.

எவ்வளவு உயரம், என்ன பல்ப்?

ஐயா சொன்னதையும் நான் பின்னர் படித்து அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

உயரம்: பலகையில் இருந்து ஏறக்குறைய 3 அடி உயரத்தில் விளக்கு தொங்க வேண்டும். அதற்குக் கீழே வந்தால் தலையில் இடிக்கும், மூலைப் பொக்கற்றுகளுக்கு வெளிச்சம் குறையும். கூரையில் 7 அடிக்கு மேலே இருக்கும் பல்பை 3 அடிக்கு இறக்கினாலே பலகையில் விழும் வெளிச்சம் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். பல்ப் அதேதான், காசும் அதேதான்.

மூடி: பல்புக்கு மேலே தொப்பி போல ஒரு மூடி அவசியம். வாய் ஓர் அடி அளவு அகலமாகவும், பல்ப் முழுவதும் உள்ளே மறையும் ஆழமாகவும் இருக்க வேண்டும். நிமிர்ந்து இருந்து பார்த்தால் வெறும் பல்ப் கண்ணில் படக்கூடாது. உட்புறம் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் வீணாகாமல் கீழே வரும். கடையில் வாங்க வசதியில்லாவிட்டால் பனையோலையில் அகலமான பெட்டி இழைத்து, உள்ளே வெள்ளைக் கடதாசி ஒட்டிக் கவிழ்க்கலாம். ஆனால் இது எல்.ஈ.டி பல்புக்கு மட்டுமே. பழைய குண்டு பல்ப் கடுமையாகச் சூடாகும். ஓலைக்கு அது நெருப்பு. எல்.ஈ.டி பல்பும் அடிப்பக்கம் சூடாகும் என்பதால் மேலே காற்றுப் போக இடைவெளி விடுங்கள். ஓலையும் கடதாசியும் பல்பைத் தொடக்கூடாது.

வாற்: பழைய 60 வாற் குண்டு பல்பின் வெளிச்சத்தை இன்று 9 வாற் எல்.ஈ.டி தருகிறது. 3 அடி உயரத்தில் மூடியோடு தொங்கினால் இதுவே தாராளம். 20 வாற் தேவையில்லை. ஒரு நாளைக்கு 4 மணித்தியாலம் எரித்தாலும் மாதத்துக்கு 1.08 யுனிற்தான். குண்டு பல்ப் என்றால் 7.2 யுனிற்.

நிறம்: பெட்டியில் 2700 அல்லது 3000 என்று எழுதியிருந்தால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. இடையில் உள்ள 4000 கண்ணுக்கு இதமானது, நிறங்களும் தெளிவாகத் தெரியும். சில மலிவான பல்புகளில் சிவப்பு மங்கிக் கபில நிறமாகத் தெரியும். வாங்குமுன் கடையிலேயே எரித்து, அதற்குக் கீழே ஒரு சிவப்பு நூலையும் ஒரு கறுப்பு நூலையும் பிடித்துப் பாருங்கள். கைபேசிக் கமெராவால் பல்பைப் பார்க்கும்போது திரையில் கோடுகள் ஓடினால் அந்த பல்ப் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று அர்த்தம். நீண்ட நேரம் அதன் கீழ் இருந்தால் சிலருக்குத் தலையிடி வரும். வேறொன்றைக் கேளுங்கள்.

வயர்: விளக்கின் பாரத்தை வயர் தாங்கக்கூடாது. வளையில் ஒரு கொளுக்கி அடித்து, நைலோன் கயிற்றில் விளக்கைக் கட்டுங்கள். வயர் தளர்வாகப் பக்கத்தில் வரட்டும். உலோக மூடி என்றால் வயர் நுழையும் இடத்தில் விளிம்பு வெட்டாமல் காப்பு இருக்க வேண்டும். ஒட்டு வயரும் பக்கத்து வீட்டு இழுவை வயரும் வேண்டவே வேண்டாம். ட்றிப் சுவிச் இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடுங்கள். இந்த வேலையைத் தெரிந்தவரைக் கொண்டு, மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டே செய்விக்க வேண்டும். பிள்ளைகளைக் கூரையில் ஏற விடாதீர்கள்.

அக்கா வீட்டில் ஐயா இரண்டு கொளுக்கிகள் அடித்தார். ஒன்று கரம் பலகைக்கு மேலே. மற்றது தையல் மெசினுக்குப் பக்கத்தில். விளக்கை மாற்றி மாற்றிக் கொழுவலாம்.

விறாந்தை விளக்கு

எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன பிள்ளை, உமக்குத் தெரியாதுதானே" என்றார். பிறகு அவரே கேட்டார்: "அந்த லைற்றுக்கும் ஏதும் வழி இருக்கோ? பில் கட்டக் கஷ்டம்தான். ஆனால் நூர்க்க மனம் வராது."

வழி இருந்தது. படலையில் இருந்து பார்த்தால் வீடு தெரிவதற்கு 3 வாற் எல்.ஈ.டி போதும். இரவு முழுவதும், 12 மணித்தியாலம், மாதம் 30 நாளும் எரிந்தாலும் 1.08 யுனிற்தான். விறாந்தை விளக்கும் உள்ளறை விளக்கும் சேர்ந்தே மாதத்துக்கு 2.16 யுனிற். முன்பு விறாந்தை விளக்குக்கு மட்டும் 7.2 யுனிற் போனது.

அக்கா அன்று பொழுதுபடவே பல்பை மாற்றினார். படலை வரை போய் நின்று திரும்பிப் பார்த்தார். "தெரியுது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

யாருக்கு வெளிச்சம்?

சகோதரிகளே, என் சிறுவயதில் வன்னியில் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தேன். மண்ணெண்ணெய் கட்டுப்பாட்டில் இருந்த காலம். போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச எண்ணெயை ஊற்றிச் சிக்கனமாக எரிப்போம். அந்த வெளிச்சத்தைச் சுற்றி எல்லோரும் நெருங்கி இருப்போம். வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அன்று கேள்வி. எப்படிப்பட்ட வெளிச்சம், எங்கே விழ வேண்டும் என்று தெரிவு செய்யும் நிலை எங்களுக்கு இருக்கவில்லை. போர் முடிந்த பின்னர்தான் எங்கள் பல கிராமங்களுக்கு மின்கம்பம் வந்தது. கம்பம் வந்தும் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. சுவரில் பொருத்திய இடத்தில் கிடைத்ததைக் கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

இன்னொன்றையும் வீடு வீடாகப் போகும்போது கவனித்தேன். ஆட்கள் வந்திருக்கும் முன்னறையில் நல்ல பல்ப் இருக்கும். குசினியில் கரி படிந்த சின்ன பல்ப். தைக்கும் மூலையில் அதுவும் இல்லை. நாங்கள் அதிக நேரம் வேலை செய்யும் இடத்துக்குத்தான் வெளிச்சம் குறைவு. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எங்களுக்கென்று ஒன்றைக் கேட்கும் பழக்கம் எங்களுக்கே இல்லை.

அந்த அக்கா பல வருடங்களாக முதுகுக்குப் பின்னால் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, தன் நிழலிலேயே தைத்திருக்கிறார். "கண் பழுதாப் போச்சு" என்றுதான் நினைத்திருந்தார். விளக்கைத் தையல் பக்கக் கொளுக்கியில் மாட்டியதும் ஊசியில் ஒரே முறையில் நூல் கோத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதைத் தேடியே நான் கண்ணைக் குற்றம் சொன்னனான்" என்றார்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தைக்கும்போதும் எழுதும்போதும் வெளிச்சம் இடது முன்பக்கத்தில் இருந்து வர வேண்டும். இடக்கைக்காரருக்கு வலப்பக்கம். கறுப்புத் துணிக்கும் கடும் நீலத்துக்கும் நூல் தெரிவதைப் பகலில் செய்து வையுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் விளக்கின் மேல் போட்டுவிடவும் கூடாது. 40 வயதுக்குப் பிறகு வெள்ளெழுத்து வருவது இயல்பு. கண்ணாடி போட்டால் சரியாகும். நீரிழிவு உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணைக் காட்ட வேண்டும். எறிகணைச் சிதறலால் கண்ணில் காயப்பட்ட சகோதரிகள், காயம் பழையது என்று இருந்துவிடாமல் கூச்சமோ மங்கலோ கூடினால் ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குப் போங்கள். நல்ல விளக்கு நல்ல கண்ணுக்குத்தான் உதவும்.

மகனைப் பற்றிச் சொல்லவில்லை அல்லவா? கிழமையில் நாலு நாள் இப்போது வீட்டில்தான் விளையாட்டு. மற்ற நாட்களில் சந்திக்குப் போகிறான். முழுவதும் மாறிவிட்டான் என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் உண்மை அதுவல்ல. அவனுக்கு 16 வயது. வெளியே போகத்தான் செய்வான். ஆனால் அவனுடைய கூட்டாளிகள் யார், யாருடைய பிள்ளைகள் என்பது இப்போது அக்காவுக்குத் தெரியும். அவர்கள் அவரது கையால் தேநீர் குடிக்கிறார்கள். ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் "எங்கயடா அவன்?" என்று அக்கா கேட்கிறார்.

பாடசாலை நாட்களில் 8 மணியானதும் விளையாட்டு நிற்கும். பலகையைச் சுவரில் சாத்திவிட்டு, அந்த விளக்கின் கீழ் மகளும் மகனும் மேசை போட்டுப் படிப்பார்கள். பிறகு அக்காவின் தையல் பக்கம் விளக்கு மாறும்.

கடைசியாகப் போனபோது ஓர் இரட்டையர் ஆட்டத்துக்கு ஆள் குறைவு என்று பெடியள் அக்காவைக் கூப்பிட்டார்கள். "எனக்கெங்க தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்து இருந்தார். சின்ன வயதில் தமையன்மாரோடு விளையாடியவராம். கரம் எங்கள் நாட்டவர் பெயர் எடுத்த விளையாட்டு. 2012 இல் கொழும்பில் நடந்த உலகக் கரம் போட்டியில் ஆண்கள் ஒற்றையரில் வென்றவர் இலங்கையரான நிஷாந்த பெர்னாண்டோ. அது பெடியளுக்குத் தெரிந்திருந்தது. தங்கள் அம்மாவுக்கும் கரம் தெரியும் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை. அக்கா அன்று சிவப்பைப் போட்டு, அடுத்த அடியிலேயே கறுப்பையும் போட்டு அதை உறுதிப்படுத்தினார்.

இன்று இரவு உங்கள் வீட்டில் ஒரு வேலை செய்து பாருங்கள். நீங்கள் தைக்கும், சமைக்கும், பிள்ளைகள் படிக்கும் இடங்களில் ஒரு பென்சிலைப் பிடித்து நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வேலை செய்யும் கைக்கு மேலே நிழல் விழுந்தால் புது பல்ப் வாங்குமுன் இருக்கும் பல்பை இடம் மாற்ற வழி உண்டா என்று யோசியுங்கள். யாராவது வந்து ஒரு விளக்கை நூர்க்கச் சொன்னால், அது ஏன் எரிகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் கேட்க மறந்துவிடுகிறோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.